உள் பெஞ்சு

டோக்கன் பதினேழு. டாக்டர் முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பது பதினொன்று, பன்னிரண்டும் பதிமூன்றும் உள் பெஞ்சில். இந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான், ஒருத்தரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு பேரை அறைக்குள் கூப்பிட்டுச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், நேரம் மிச்சமாம். தோல் டாக்டர் மதுரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும்தான் அருப்புக்கோட்டைக்கு வருகிறார், மூன்று மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்த்தாக வேண்டும், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அடுத்தவன் வியாதியைக் காதில் வாங்கிக்கொண்டே நம் முறைக்குக் காத்திருக்க வேண்டும், நம் வியாதியைப் பின்னால் வருகிறவன் கேட்டுக்கொள்வான். இருமல் காய்ச்சல் என்றால் பரவாயில்லை. எனக்குத் தொடை இடுக்கில். இன்றைக்குச் செவ்வாய், மணி பன்னிரண்டு பத்து. மூன்று நாற்பதுக்கு ஸ்கூல் வாசலில் வண்டி நிற்க வேண்டும். பதினொரு பிள்ளைகள். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு அட்டைகளும் இருக்கின்றன, ஒன்றில் கேப்சூல், இன்னொன்றில் அந்தச் சின்ன மாத்திரை. பக்கத்தில் இருக்கிறவர் என் பையையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. அவர் மின்விசிறியைப் பார்க்கிறார். பெருமாள்சாமி, உன்னைப் பார்ப்பதுதான் ஊருக்கு வேலையா? நாற்பத்தாறு வயசாகிறது, இன்னும் ஊரே என்னைத்தான் பார்க்கிறது என்கிற நினைப்பு போகவில்லை.

இந்த ஊர் வெயிலில் ரெக்ஸின் சீட்டில் காலையும் மாலையும் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது, டிரைவர் வேலையில் பாதிப் பேருக்கு இருக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை, எல்லாரும் தனியாக நின்று சொறிந்துகொள்கிறோம். முதலில் ஒரு ரூபாய் அளவுக்குத்தான் இருந்தது. மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்தி 'அரிப்புக்கு ஒண்ணு' என்றேன், ஒரு டியூப் கொடுத்தார்கள், தடவினால் இரண்டு நாளில் மறைந்துவிடும், விட்டால் நாலாம் நாள் முன்னைவிடப் பெரிதாக வரும். இப்படியே எட்டு மாதம். இடுக்கிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து பின்பக்கத்துக்கு. வீட்டில் துண்டை மாற்றி வைத்தேன், பாயைத் தள்ளிப் போட்டேன், ராமலட்சுமி என்னவோ ஏதோவென்று நினைத்து நாலு நாள் பேசவில்லை. சொன்னதும் சிரித்தாள், 'இதுக்காய்யா இந்தப் பாடு, எனக்குந்தான் பாவாடைக் கயிறு கட்டுற எடத்துல இருக்கு'. அவளே திட்டி அனுப்பினாள், போய்க் காட்டிட்டு வா என்று. அன்றைக்கு முதல் தடவையாக வந்தால் லேடி டாக்டர். டாக்டர் நஸ்ரின். வெளியே போர்டில் பெயர் இருந்திருக்கிறது, நான்தான் தலையைக் குனிந்துகொண்டு வந்ததில் பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தபோது பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று வேட்டியை விலக்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன், நான் மூடினால் அவருக்குத் தெரியாது என்பதுபோல. அந்தம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் கையைக் கழுவினார். அதோடு போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் உள் பெஞ்சில் கிரேஸ் மேடம். எங்கள் ஸ்கூல் ஆபீஸில் ஃபீஸ் வாங்குகிற கிரேஸ் மேடம், கன்னத்தில் ஏதோ கறுப்புத் தேமலுக்காக வந்திருக்கிறார்கள். 'என்ன டிரைவர், நீங்களும் இங்கயா?' என்றார்கள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். சுகர் இருக்கா? இல்ல மேடம். ஹார்ட், லிவர் பிரச்சனை? இல்ல மேடம். தண்ணி? இல்ல மேடம். வேற ஏதாவது மாத்திரை தினமும் போடுறீங்களா, பிரஷருக்கு, நரம்புக்கு, தூக்கத்துக்கு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, இந்தக் கேப்சூல் நெறைய மாத்திரையோட ஒத்துப்போகாது. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். அதற்குள் கிரேஸ் மேடம் பெஞ்சிலிருந்தே, 'எங்க டிரைவர் தங்கமான மனுஷன் டாக்டர், பீடிகூடத் தொட மாட்டார்' என்றார்கள். இல்ல மேடம், ஒண்ணும் போடுறதில்ல. அந்த 'இல்ல' எவ்வளவு சுலபமாக வந்தது. மற்ற மூன்று இல்லைகளும் உண்மை என்பதால் நாலாவதும் அதே வரிசையில் போய் நின்றுகொண்டது. ரத்தத்தில் லிவர் பார்க்கவேண்டும் என்று ஒரு சீட்டு, ஒரு மாசத்துக்குக் கேப்சூல், மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை வந்து காட்டுங்க. ரத்தம் சரியாக இருந்தது. ரத்தத்தில் பொய் தெரியாது.

அந்தச் சின்ன மாத்திரைக்கு இரண்டு வயசு. அதற்கு முன்னால் நான் லாரி ஓட்டினேன். சாத்தூர் தாண்டி நாலு வழிச் சாலையில் ஒருநாள் அதிகாலை ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். என் மேல் தப்பில்லை என்று போலீஸே எழுதியது. தப்பில்லை என்று காகிதத்துக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை, ஸ்டியரிங்கைத் தொட்டாலே நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், ராத்திரி முழுக்க முழித்திருப்பேன். மதுரையில் மனநல டாக்டரிடம் ராமலட்சுமிதான் கூட்டிப் போனாள். தினம் படுக்கப் போகும்போது ஒன்று. நல்ல மாத்திரை, பொய் சொல்லக் கூடாது, அதுதான் என்னை மறுபடி சீட்டில் உட்கார வைத்தது. ஆனால் மூளை மாத்திரை சாப்பிடுகிறவனிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? வண்டி ஓனர்தான் சாவியைக் கொடுப்பாரா? அதனால் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அட்டையை வைத்துக்கொள்வேன். அதை வாங்குவது பஸ் ஸ்டாண்டு கடையில், கேப்சூலை வாங்கியது காந்தி மைதானத்துக் கடையில். இந்தக் கடைக்கு அது தெரியாது, அந்தக் கடைக்கு இது தெரியாது. என் சாமர்த்தியம். காந்தி மைதானத்துக் கடையில் ஒரு பெண் இருக்கிறாள், அழகாகச் சொல்லிக் கொடுத்தாள், சாப்பிட்ட உடனே போடுங்க, வெறும் வயித்துல வேண்டாம், கேஸ் மாத்திரையோட சேத்துப் போடாதீங்க, அரிப்பு நின்னுடுச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க, உள்ளாடையைத் தனியா வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போடுங்க. ஒன்றுவிடாமல் செய்தேன். ராமலட்சுமி 'எனக்கும் அதுல ஒண்ணு குடேன்' என்று கேட்டபோது என்ன கெத்தாகச் சொன்னேன், 'அதெல்லாம் ஆளு பாத்து எழுதுறது, நீ சுகர் மாத்திரை போடுறவ, போய் டாக்டர்ட்ட காட்டு'. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லத் தெரிந்தது. அரிப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. முதலில் வெயில் என்று நினைத்தேன், பிறகு வயசு என்று நினைத்தேன், ராமலட்சுமி தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினாள். மாத்திரை என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. நினைக்கவில்லையா, நினைக்க விரும்பவில்லையா.

'பதினொண்ணு போயிருச்சு, பதினாலு உள்ள வாங்க' என்கிறார் டோக்கன் கூப்பிடுகிற அக்கா. எல்லாரும் ஒரு நாற்காலி நகர்கிறோம். வியாழக்கிழமை. அதை நினைக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் சுவரில் ஒட்டியிருக்கிற சோப்பு விளம்பரத்தை நாலு தடவை படித்தேன். வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்கு ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் வண்டி ஒன்றும் இல்லை, நான்தான் முதல். அந்த இடம் கேட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவு. நியூட்ரலில் போட்டுப் பிரேக்கில் காலை வைத்திருந்தேன், ஹேண்ட் பிரேக் போடவில்லை, இதோ இப்போது ரயில் வந்துவிடும் என்று. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு தூரமாகப் போனது. அவ்வளவுதான் தெரியும். அடுத்துத் தெரிந்தது தோளில் ஒரு அடி, சின்னக் கை, 'மாமா, வண்டி போகுது, மாமா!' பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பம்பர் கேட் கம்பியைத் தொட்டு 'டொக்' என்றது. கேட் கீப்பர் திட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர் வந்து சேருவதற்குள் ரயில் போயிற்று, கண்ணாடிக்கு முன்னால், எண்ணிக்கொண்டே இருக்கும்படி அத்தனை பெட்டிகள். மற்றப் பிள்ளைகள் ரயிலுக்குக் கை காட்டினார்கள். தர்ஷிகா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு, பாவாடித் தோப்புத் தெருவிலிருந்து ஏறுகிறவள், அம்மா முத்துச்செல்வி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. சாயங்காலம் அவள் வீட்டு முக்கில் வண்டியை நிறுத்தி, ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கையில் கொடுத்து, 'கண்ணு, காலைல நடந்ததை அம்மாகிட்டச் சொல்லாத, என்ன?' என்றேன். அவள் மிட்டாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். தொடை இடுக்கைக் காட்டியதெல்லாம் வெட்கமே இல்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் மிட்டாயைக் கொடுத்து வாயை மூடச் சொன்னேனே, அதுதான். அதை எந்தத் திரைக்குப் பின்னால் நின்று காட்டுவது?

அதிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. எப்போதும் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கி வழிகிறவள், வெள்ளிக்கிழமை காலையில் ஏறியதும் நேரே முன்னால் வந்து எனக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். வாய் ஓயவில்லை. மாமா உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும். மாமா பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லட்டா. மாமா நீங்க ஒரு விடுகதை போடுங்க. பதில் சொல்லாவிட்டால் விடமாட்டாள், 'மாமா கேக்குறீங்களா, நான் இப்ப என்ன சொன்னேன்?' என்று பரீட்சை வைக்கிறாள். நேற்று, 'சும்மா வா புள்ள, காது வலிக்குது' என்று அதட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் உம்மென்று இருந்தாள், மறுபடி ஆரம்பித்தாள், பதினாலாம் வாய்ப்பாடு. எனக்கு என்ன தோன்றியது என்பதை வெளியே சொல்லக்கூட அசிங்கமாக இருக்கிறது. ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுகிறது இது, மாமா நம்மை ஒன்றும் சொல்ல முடியாது என்று தைரியம் வந்துவிட்டது, இன்னொரு மிட்டாய் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நேற்று மத்தியானம் வீட்டில் கேப்சூல் டப்பாவைக் கவிழ்த்தபோது மடித்த மெல்லிய காகிதம் ஒன்று விழுந்தது, பூராவும் இங்கிலீஷ், எறும்பு ஊர்கிற எழுத்து. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்தச் சின்ன மாத்திரையின் பெயரை இரண்டு வருஷமாகக் கடையில் அட்டையைக் காட்டிக் காட்டி வாங்கியதில் அதன் முகம் தெரியும். சேர்த்துச் சாப்பிடக் கூடாத மாத்திரைகளாக இருக்கும் என்று தோன்றிய ஒரு வரிசையில் அந்த முகம் நின்றது. அட்டையை எடுத்து எழுத்தெழுத்தாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. காகிதத்தை மடித்து டப்பாவுக்குள்ளேயே வைத்தேன். ராத்திரிச் சோற்றுக்கு மேல் கேப்சூல் போடவில்லை. சின்னதை விட்டால் தூக்கம் வராதே, நாளைக்கு ஓட்ட வேண்டுமே என்று அதைப் போட்டுக்கொண்டேன். அதுவும் சரியா தப்பா, யாரைக் கேட்பது?

'பதினாறு, பதினேழு.' எழுந்திருக்கிறேன். கதவைத் தள்ளும்போதே உள் பெஞ்சைத்தான் கண் தேடுகிறது. கிரேஸ் மேடம் இல்லை. பதினைந்தாம் டோக்கன் டாக்டர் முன்னால் இருக்கிறது. பதினாறு, கையில் வெடிப்புள்ள ஒரு அம்மாள், பந்தல்குடிப் பக்கமாம், முன்னே பின்னே பார்த்ததில்லை. அப்பாடா. இன்றைக்குச் சொல்லிவிடலாம், கேட்பவர் யாரும் தெரிந்தவர் இல்லை. பதினைந்து எழுந்து போனது, பதினாறும் நாலு நிமிஷத்தில் முடிந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பெஞ்சில் முகப்பரு வந்த ஒரு காலேஜ் பெண்ணும் அவள் அப்பாவும், அவர்களும் யாரோ. அந்தப் பெண் போனில் மூழ்கியிருக்கிறாள். 'எப்படி இருக்கு?' என்றார் டாக்டரம்மா. 'நல்லாக் கொறஞ்சிருக்கு மேடம்.' 'வெள்ளிக்கிழமைதான வரச் சொன்னேன். சரி, இன்னும் ஒரு வாரம் இதையே கண்டினியூ பண்ணுங்க.' எழுதத் தொடங்கிவிட்டார். சொல்லு. பேனா ஓடுகிறது. சொல்லுடா. கிரேஸ் மேடம் இல்லை, ஸ்கூல் இல்லை, ஓனர் இல்லை, எவனுக்குக் கேட்கிறது, இன்னும் ஏன் வாய் வரவில்லை? இத்தனை நாள் பெஞ்சின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆளில்லாத காட்டில் கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சாத்தூர் ரோட்டில் அந்த மனிதர் விழுந்து கிடந்தபோதும் நான் முதலில் சொன்னது 'நான் இல்ல' என்பதுதான், யாரும் கேட்கக்கூட இல்லை. பேனா அடியில் கோடு போட்டது. சீல் எடுத்தார். பதிமூணு மூணு முப்பத்தொன்பது என்று தர்ஷிகாவின் குரல் காதில் கேட்டது. சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து அவர் எழுதிய சீட்டின் மேலேயே வைத்தேன்.

"இதையும் போடுறேன் மேடம். ரெண்டு வருஷமா. அன்னைக்குக் கேட்டீங்க, இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

சின்ன அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். முகம் மாறியது.

"ரெண்டையும் சேத்தா போட்டுட்டு இருந்தீங்க? தூக்கம் எப்படி இருக்கு?"

"அதுக்குத்தான் மேடம் வந்தேன்."

"என்ன வேலை பாக்குறீங்க நீங்க?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறேன்."

பின்னால் பெஞ்சில் அந்தப் பெண்ணின் அப்பா கனைப்பது கேட்டது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க பாருங்க. இந்தக் கேப்சூல் அந்த மாத்திரையை ஒடம்பை விட்டு வெளிய போக விடாது. ஒண்ணு போட்டாலும் நெறைய போட்ட மாதிரி தங்கிரும். கேப்சூலை இதோட நிறுத்துங்க, அரிப்புக்கு நான் வேற வழி பாக்குறேன். இந்தச் சின்ன மாத்திரையை நீங்களாவே நிறுத்தக் கூடாது, திடீர்னு விட்டாலும் ஆபத்து. மதுரை டாக்டர் நம்பர் குடுங்க, நானே பேசுறேன். நாங்க சொல்ற வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது."

"இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் மேடம், பதினோரு பிள்ளைங்க..."

"கேப்சூலை நிறுத்துனாலும் அது ஒடம்புல கொஞ்ச நாளைக்கு இருக்கும். அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்று ஓனருக்குப் போன் போட்டேன். வயிற்றுப்போக்கு என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். நாலு பொய் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் பழக்கமான முகங்கள். மணி அடித்தது, 'சொல்லு பெருமாளு' என்றார். ஒரே மூச்சில் சொன்னேன், மாத்திரை, கேட், பம்பர், எல்லாம். 'ஏன்டா, இப்பத்தான் வாய் வந்துச்சா ஒனக்கு?' என்றார். பிறகு ஏதோ கெட்ட வார்த்தை. பிறகு, 'என் மச்சினன் சுந்தர்ராஜை அனுப்புறேன், அவனுக்கு வீடு ஒண்ணும் தெரியாது, நீ கூடப் போய் எறக்கி விடு. நாளைக்கு ஒன்னை வச்சுக்கிறதா வேண்டாமாங்கிறதை நாளைக்குப் பேசுவோம்' என்றார். வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்கிற தைரியமெல்லாம் எனக்கு இல்லை, போகக் கூடாது என்றுதான் இருந்தது. ஆனாலும் வண்டிச் சாவியைச் சுந்தர்ராஜ் கையில் கொடுத்தபோது, அவன் சாவியை வாங்கி விரலில் சுற்றியபோது, வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போனது.

மூன்று நாற்பதுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். நான் கதவோரச் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக வாங்கி வைத்தேன். 'மாமா நீங்க ஏன் ஓட்டல, மாமா நீங்க டிரைவர் பரீட்சைல பாசாகலயா' என்று ஒரே கூச்சல். தர்ஷிகா ஏறி நேரே இன்ஜின் பெட்டிக்குப் போனாள், ஸ்டியரிங்கில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். வண்டி கிளம்பியது. என் வெட்கத்தையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அவள் காதருகே குனிந்தேன்.

"கண்ணு, அன்னைக்கு அம்மாகிட்டச் சொல்லாதன்னு சொன்னேன்ல, அது தப்பு. நீ சொல்லலாம். மாமாவே இன்னைக்கு வந்து அம்மாகிட்டச் சொல்றேன்."

"நான் அன்னைக்கே சொல்லிட்டேனே மாமா" என்றாள். "மிட்டாய் ஏதுன்னு அம்மா கேட்டாங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க. அப்பறம், மாமாவுக்கு ஒடம்பு முடியல போல, கேட்டாச் சங்கடப்படுவாருன்னு சொன்னாங்க. அம்மாவுக்குக் காலை ஷிப்டு, வேற வண்டியும் இல்ல. அதான் நீ முன்னாடி ஒக்காந்து, மாமா தூங்காம பேசிக்கிட்டே போன்னு சொன்னாங்க. ஒரு நிமிசங்கூட விடக் கூடாதுன்னு." கொஞ்சம் யோசித்தாள். "பதினஞ்சாம் வாய்ப்பாடு இன்னும் எனக்கு வரல மாமா."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது வலிக்குது என்று அதட்டினேனே இவளை. அந்த அம்மாள் நாலு நாளாக மில்லில் நூல் அறும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பாள், இந்தப் பிள்ளை ராத்திரி உட்கார்ந்து நாளைக்குப் பேச என்னென்ன சேர்த்து வைத்திருக்கும். நான் ஒருவன் வாய் திறக்காததற்கு இது வாய் மூடாமல் வந்திருக்கிறது. அவமானமாக இருந்தது, இந்த வண்டியில் உட்காரவே எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

தர்ஷிகா எட்டிச் சுந்தர்ராஜின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு என் சட்டையை இழுத்தாள்.

"இந்த மாமா நல்லா முழிச்சிருக்காங்கல்ல?"

"முழிச்சிருக்காரு கண்ணு."

"அப்ப இன்னைக்கு நான் பேச வேண்டாமா?"

"வேண்டாம். இனிமே வேண்டவே வேண்டாம்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பையை மடியில் வைத்து அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். ரயில்வே கேட் வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.